காரின் பானெட்டைப் பாதுகாப்பாகத் திறப்பது எப்படி?

கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறக்கும் முன் பவர் கேபிளைக் கழற்ற வேண்டும் என்பது நம் வாசகர்கள் அனைவருக்கும் தெரியும். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் காரின் பானெட்டைத் திறக்க மட்டும் பலரும் தயங்குவார்கள், அல்லது எதையும் யோசிக்காமல் திறந்துவிடுவார்கள். இரண்டுமே தவறு. இன்றைய காரும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதோடு சூடும், சுழலும் பாகங்களும், அழுத்தமும் சேர்ந்து இருக்கின்றன. எனவே முறை தெரிந்து திறக்க வேண்டும்.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் உள்ளது இருங்காட்டுக்கோட்டை. இங்குள்ள ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998 செப்டம்பரில் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. கார்புரேட்டர் கார்களே அதிகம் ஓடிய அந்தக் காலத்தில், சான்ட்ரோவின் 999 சிசி இன்ஜினில் எரிபொருளைப் பீய்ச்சும் வேலையை இ.சி.யு. என்ற சிறிய கம்ப்யூட்டர் கவனித்தது. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் பானெட்டுக்கு அடியில் கம்ப்யூட்டர் நுழைந்தது இப்படித்தான். இதே ஆலையில் இருந்துதான் 2019ல் கோனா எலெக்ட்ரிக் காரும், 2025ல் கிரெட்டா எலெக்ட்ரிக் காரும் வந்தன. கார் மாறினாலும் பானெட்டின் பூட்டு வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் அதைத் தெரிந்துகொள்வோம்.

பூட்டு ஒன்றல்ல, இரண்டு

டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள லீவரை இழுத்தால், ஒரு கம்பி கேபிள் வழியாக முதல் பூட்டு விடுபடும். பானெட் ஓர் அங்குலம் அளவுக்கு மேலே எழும்பி நின்றுவிடும். அதை முழுவதும் திறக்க விடாமல் பிடித்திருப்பது இரண்டாவது கொக்கி. இதை வெளியே வந்து விரலால்தான் விடுவிக்க முடியும்.

ஏன் இந்த இரட்டை ஏற்பாடு? ஓடும்போது முதல் பூட்டு விடுபட்டால், எதிர்க்காற்று பானெட்டைத் தூக்கிக் கண்ணாடியின் மீது அடித்துவிடும். ஓட்டுபவருக்குச் சாலை தெரியாது. அமெரிக்காவில் 113ஆம் எண் பாதுகாப்பு விதியே இந்த இரண்டாவது பூட்டைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. 2013 முதல் 2018 வரை தயாரான நிஸான் ஆல்டிமா கார்களில் இந்தக் கொக்கி சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்பதால், 2020ல் சுமார் 18 லட்சம் கார்களை அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. சின்னக் கொக்கிதான், ஆனால் அதை நம்பித்தான் பயணம்.

திறக்கும் முன்

1. காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். கியரை நியூட்ரலிலும், ஆட்டோமேட்டிக் காரானால் 'பி' நிலையிலும் வையுங்கள்.

2. இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். பட்டன் ஸ்டார்ட் காரானால் இக்னிஷன் முழுவதும் அணைந்ததா என்று பாருங்கள்.

3. இன்ஜின் ஆற நேரம் கொடுங்கள். அரை மணி நேரமாவது பொறுப்பது நல்லது.

4. தொங்கும் துப்பட்டா, டை, சேலை முந்தானை, கழுத்துச் சங்கிலி ஆகியவற்றை ஒதுக்கிக் கட்டுங்கள். மோதிரத்தையும் உலோக வாட்ச் பட்டையையும் கழற்றி வையுங்கள். பேட்டரி முனைகளுக்கு நடுவே உலோகம் பட்டால் ஷார்ட் ஆகித் தோல் வெந்துவிடும்.

5. காரின் முன்புறம் குழந்தைகள் நின்றால் விலக்குங்கள்.

படிப்படியாகத் திறத்தல்

1. லீவரைக் கண்டுபிடியுங்கள். பானெட் திறந்த கார் படம் அதில் இருக்கும். பெரும்பாலும் ஓட்டுநரின் வலது முழங்கால் அருகே இருக்கும். சில கார்களில் இடதுபுறம் இருக்கும். சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும் லீவர் பெட்ரோல் டேங்க் மூடிக்கோ டிக்கிக்கோ உரியது. குழம்ப வேண்டாம்.

2. லீவரை இழுங்கள். 'டக்' என்ற சத்தம் கேட்டதும் கீழே இறங்குங்கள்.

3. பானெட்டின் முன் விளிம்பின் நடுவே, இடுக்கில் விரல்களை விடுங்கள். கொக்கி கையில் தட்டுப்படும். சில கார்களில் அதைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும்; சிலவற்றில் மேலே தூக்க வேண்டும். வலுக்கட்டாயம் தேவையில்லை.

4. ஒரு கையால் பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தாங்கு கம்பியை எடுத்து அதற்கென உள்ள ஓட்டையில் பொருத்துங்கள். ஓட்டையில் சரியாக உட்கார்ந்ததா என்று சற்று அசைத்துப் பார்த்த பிறகே தலையை உள்ளே நீட்டுங்கள். பலத்த காற்று அடிக்கும் இடத்தில் திறப்பதைத் தவிருங்கள்.

லீவரை இழுத்தும் பானெட் எழும்பவில்லையா? ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். ஒருவர் லீவரை இழுத்துப் பிடிக்கட்டும். மற்றவர் பானெட்டின் முன்பகுதியை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி விடட்டும். பெரும்பாலும் திறந்துவிடும். அப்போதும் வராவிட்டால் கேபிள் அறுந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் விடுங்கள்.

உள்ளே எதைத் தொடக் கூடாது?

ரேடியேட்டர் மூடி: உள்ளே இருக்கும் கூலண்ட் அழுத்தத்தில் இருப்பதால், நூறு டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினால் அழுத்தம் சட்டென்று குறைந்து, கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கூலண்ட் அளவைப் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் டேங்கின் வெளிக்கோடுகளை வைத்தே பார்த்துவிடலாம்.

மின்விசிறி: இன்ஜின் நின்ற பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தானாகவே சுழலத் தொடங்கும். கம்ப்யூட்டரில் உள்ள ஃபேன் போல இது சின்னதல்ல. விரல் போய்விடும்.

பேட்டரி: இதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியாகும். அருகில் தீக்குச்சி, சிகரெட் கூடாது. கழற்ற வேண்டியிருந்தால் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும்.

ஆரஞ்சு நிறக் கேபிள்கள்: எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களில் இவை உயர் மின்னழுத்தம் செல்லும் கேபிள்கள். தொடவே கூடாது. சார்ஜ் ஏறும் நேரத்தில் பானெட்டைத் திறக்காமல் இருப்பது நல்லது.

புகை வந்தால் திறக்காதீர்கள்!

பானெட் இடுக்கில் வெள்ளை ஆவி மட்டும் வந்தால் பெரும்பாலும் இன்ஜின் கொதித்திருக்கிறது என்று பொருள். ஆறும் வரை மூடியபடியே விட்டுவிடுங்கள். கருகிய வாடை, கரும்புகை, தீயின் வெளிச்சம் தெரிந்தால் பானெட்டைத் தூக்கவே கூடாது. காற்று உள்ளே பாய்ந்து தீ சட்டென்று பெரிதாகும். எல்லோரும் இறங்கித் தள்ளி நின்று, 101 அல்லது 112க்கு அழையுங்கள்.

மூடும் முறை

துணி, ஸ்பேனர், ஆயில் மூடி எதுவும் உள்ளே விடுபடவில்லையே என்று பாருங்கள். தாங்கு கம்பியை அதன் இடத்தில் வையுங்கள். பானெட்டை மெதுவாக இறக்கி, சுமார் 30 செ.மீ. உயரத்தில் கையை விடுங்கள். அதன் எடையிலேயே பூட்டிக்கொள்ளும். நடுவில் கையால் அழுத்தினால் தகடு நெளிந்துவிடும். கடைசியாக, முன் விளிம்பைத் தூக்கிப் பாருங்கள். அசையாமல் இருந்தால்தான் புறப்பட வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் கார்ப் பந்தயத் தளம் ஒன்றும் இயங்கி வருகிறது. சாதாரணக் காரைப் பந்தயக் காராக மாற்றும்போது, சர்வதேச மோட்டார் சம்மேளன விதிகளின்படி பானெட்டுக்குக் குறைந்தது இரண்டு கூடுதல் பின்கள் போடுவார்கள். வேகம் கூடும்போது பூட்டை எவ்வளவு நம்பலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். நாம் பந்தயம் ஓட்டுவதில்லைதான். ஆனால் அதே ஊர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறோம்.

ஓடும்போது பானெட் எழும்பினால்

திடீர் பிரேக் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஹசார்டு விளக்கைப் போட்டு, இடது ஓரமாக நிறுத்துங்கள். முழுவதும் திறந்து கண்ணாடியை மறைத்துவிட்டால், கீல் பக்கம் தெரியும் இடைவெளி வழியாகவும் பக்கவாட்டு ஜன்னல் வழியாகவும் சாலையைப் பார்த்தபடி படிப்படியாக வேகத்தைக் குறையுங்கள். நிறுத்தியதும் எல்லோரும் சாலையை விட்டு விலகி நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 எண்ணை அழைக்கலாம்.

சில டிப்ஸ்

* டேஷ்போர்டுக்கு அடியில் ஓ.பி.டி. என்ற 16 பின் சாக்கெட் உள்ளதா என்று பாருங்கள். புளூடூத் அடாப்டரைச் செருகினால், இ.சி.யு. பதிந்துள்ள பிழை எண்ணை மொபைலிலேயே படிக்கலாம். உதாரணமாக, பி0217 என்று வந்தால் கூலண்ட் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்று பொருள். பானெட்டைத் திறக்கும் முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது அல்லவா?

* மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். கதகதப்புக்காக எலி, பூனை உள்ளே புகுந்திருக்கலாம். எலி கடித்த ஒயர் ஒன்றே காரை நிறுத்திவிடும்.

* வெள்ளநீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் வண்டியைத் தூக்கிச் செல்லும் வாகனத்தை வரவழையுங்கள்.

* பூட்டிலும் கொக்கியிலும் ஆண்டுக்கு ஒரு முறை சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லுங்கள். சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது பானெட் சரியாகப் பூட்டியுள்ளதா என்பதையும் நீங்களே சோதித்துவிடுங்கள்.