ஆங்கில முன்னிடைச்சொற்களும் தமிழ் உருபுகளும்

பெயர்ப்பொருளை வேறுபடுத்துவது வேற்றுமை. தமிழில் அதனைச் செய்யும் உருபு பெயரின் பின்னே ஒட்டி நிற்கும். ஆங்கிலத்தில் அத்தொழிலைச் செய்யும் 'பிரிபொசிஷன்' பெயரின் முன்னே தனித்து நிற்கும். அதனை ஈண்டு முன்னிடைச்சொல் என்போம். ஆங்கிலமும் பழங்காலத்தில் பெயரின் ஈற்றில் உருபேற்ற மொழியே. அவ்வீறுகள் நாளடைவில் தேய்ந்தொழிய, அவற்றின் சுமையை இச்சிறு சொற்கள் தாங்கலாயின. நம் உருபுகளிற் பலவும் முற்காலத்தில் தனிப்பெயர்களாய் இருந்தன எனக் கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திற் கருதினார்.

நம் மாணவர் இடர்ப்படுவது, ஓர் உருபுக்கு ஒரு முன்னிடைச்சொல் எனக் கணக்கிட்டுக் கொள்வதனாலேயாம். திருப்பூரில் என்பதற்கு 'இன்'. மேசையில் என்பதற்கு 'ஆன்'. ரயிலில் வந்தான் என்பதற்குப் 'பை'. நமது 'இல்' ஒன்றே அங்கே மூன்றாயிற்று. ஒருவர்மேற் கோபம் என்கிறோம். ஆங்கிலேயரோ 'வித்' என்பர். ஒன்றைப் பற்றி ஆராய்ந்தோம் என்பதை எண்ணி 'டிஸ்கஸ்' என்னும் வினைக்குப்பின் 'அபௌட்' சேர்ப்பது பெருவழக்கு. அவ்வினை எதனையும் வேண்டாது நேரே செயப்படுபொருளைக் கொள்ளும். 'சீனியர்' லத்தீன் வழிவந்த சொல்லாதலின் 'தேன்' ஏலாது, 'டு' என்பதையே ஏற்கும்.

'திருப்பூருக்கு மேற்கே கோயம்புத்தூர்' என்னுமிடத்து நமது 'கு' ஆங்கிலத்தில் 'ஆஃப்' ஆகின்றது. இது வியப்பன்று. எல்லைப்பொருள் ஐந்தாம் வேற்றுமைக்குரியது. அதனை நான்காம் உருபால் நாமே கூறுகின்றோம். இத்தகையன ஆராய்வதற்கென்றே தொல்காப்பியர் சொல்லதிகாரத்துள் வேற்றுமை மயங்கியல் என ஓரியல் வகுத்தனர். அதனைக் கற்றவர்க்கு ஆங்கிலத்தின் மயக்கம் அத்துணை அச்சந் தாராது என்பது எம் துணிபு.

நிற்க. பின்னலாடையாற் பெயர்பெற்ற திருப்பூரில் இவ்விலக்கணம் ஏட்டளவில் நிற்பதில்லை. அயல்நாட்டார்க்கு எழுதுங்கால், 'சாம்பிள் வெள்ளிக்கிழமைக்குள் ஆயத்தமாகும்' என்னும் கருத்தில் 'டில்' எழுதினால், வெள்ளி வரையில் இருந்து பின் இராது என்று பொருள்படும். 'குள்' என்பதற்கு நேரானது 'பை'. விலை கூறும்போது வழங்கும் எஃப்.ஓ.பி. என்பதன் நடுவெழுத்தும் 'ஆன்' என்னும் முன்னிடைச்சொல்லே. சரக்குக் கப்பலின்மேல் ஏறும்வரை அதற்கு வரும் கேடு விற்பவரைச் சாரும். எஃப்.ஏ.எஸ். என எழுதினாலோ, 'அலாங்சைடு' என்பதற்கேற்பக் கப்பலின் பக்கத்தே வைத்த அளவில் அப்பொறுப்பு நீங்கும்.

இன்னும் நுண்ணியது எல்.சி. என்னும் வங்கியின் உறுதிக்கடிதம். சர்வதேச வர்த்தக சபை வகுத்து, 2007 ஜூலை 1 முதல் வழங்கும் யு.சி.பி. 600 என்னும் விதித்தொகுதியின் மூன்றாம் விதி, ஓர் இலக்கண நூற்பாவையே ஒத்தது. சரக்கேற்றும் காலத்தைக் குறிக்குமிடத்து 'டு', 'டில்', 'அன்டில்', 'பிரம்', 'பிட்வீன்' என்பன சொல்லப்பட்ட நாளையும் உட்கொள்ளும். 'பிபோர்', 'ஆப்டர்' என்பன அந்நாளை விலக்கும். 'ஆன் ஆர் அபௌட்' என்றாலோ, அந்நாளுக்கு முன் 5 நாளும் பின் 5 நாளும் ஆக 11 நாட்கள்.

ஆகஸ்டு 31-க்குப் 'பிபோர்' என்றிருக்க, 31-ஆம் நாளிட்ட கப்பல் ரசீதைக் காட்டினால் வங்கி பணத்தை மறுக்கலாம். பனியன் பழுதற்றதாயினும் பயனில்லை. வங்கி பார்ப்பது பத்திரங்களையே, சரக்கையன்று. நூல் வாங்கிய கடனும், தைத்தவர் கூலியும், சாயமேற்றிய செலவும் அவ்வொரு சொல்லின்மேல் நிற்கின்றன.

உருபு மயக்கத்திற்கு இதனினும் நல்ல சான்று அவ்விதியிலேயே உண்டு. சரக்கேற்றும் காலத்தில் நாளை உட்கொண்ட அதே 'பிரம்', பணஞ்செலுத்தும் தவணையைக் கணக்கிடுமிடத்து அந்நாளை விலக்குகின்றது. ஆகவே செப்டம்பர் 1-ஆம் நாளிட்ட ரசீதிலிருந்து 60 நாள் என்றால், செப்டம்பர் 2 முதல்நாளாக எண்ணப்பட்டு, தவணை அக்டோபர் 31-இல் முடியும்.