வெளிநாட்டு இதழில் விளம்பரமா? தேதியைக் கவனியுங்கள்

தபால்தலை, பாசிமணி, கைவினைப் பொருள் விற்கும் வணிக அன்பர்கள் வெளிநாட்டுப் பொழுதுபோக்கு இதழ்களில் விளம்பரம் தரும்போது முதலில் இடறுவது தேதியில்தான். 5-8 என்று எழுதினால் இலண்டன்காரருக்கு நம்மைப்போலவே ஆகஸ்ட் 5; அமெரிக்கருக்கோ மே 8. ஜப்பானியர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவர் (குழப்பம் குறைந்தது இதுவே என்பேன்). எங்கு எழுதினாலும் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள்.

அட்டையில் உள்ள மாதமும் விற்பனை மாதமும் ஒன்றல்ல. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் டிசம்பர் இதழ் பெரும்பாலும் நவம்பரிலோ அதற்கு முன்போ கடைக்கு வந்துவிடும். விளம்பர வாசகம் அதற்கும் பல வாரம் முன்பே போய்ச்சேர வேண்டும். கிறிஸ்துமஸ் சரக்குக்கு நவம்பரில் பணம் அனுப்பினால் பண்டிகைக்குப் பிந்திய இதழில்தான் இடம் கிடைக்கும். சரக்கு நம் கிடங்கில் தூங்கும். கடைசி நாளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.