கைக்கேற்ற கருவி

சிற்பிக்கு உளியும் உழவனுக்கு ஏரும் புலவனுக்கு எழுத்தாணியும் போல, ஓவியனுக்குத் துகிலிகை உற்ற துணையாகும். சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் தாமரைப் பொய்கையைத் தீட்டிய கைகளும், கோயில் மண்டபங்களில் புராணக் காட்சிகளை வரைந்த கைகளும் வண்ணத்தையும் துகிலிகையையுமே நம்பியிருந்தன. காலம் மாறுந்தோறும் கருவியும் மாறுகின்றது. இக்காலத்து ஓவியர் பலர் கணினித் திரையில் படம் வரைகின்றனர். அவர்களுக்குத் தாளாகவும் துகிலிகையாகவும் அமைவது, கடைகளில் பேனா டேப்லட் என்று வழங்கும் கருவியாகும். அதனை வரைபலகை என்று கூறலாம். வரைபலகைகள் பல வகையின; விலையிலும் திறத்திலும் வேறுபடுவன. அவற்றுள் தனக்கேற்றதைத் தேர்வது எளிய செயலன்று.

சிற்றூர் ஒன்றில் ஓவியர் ஒருவர் வாழ்ந்து வந்தார். கடைகளின் பெயர்ப் பலகைகளும் சுவர் விளம்பரங்களும் எழுதுவது அவர் தொழில். அவர் எழுதிய எழுத்துகளின் வளைவும் நெளிவும் கண்டு வழிப்போக்கரும் நின்று பார்ப்பர். பின்னர், ஃபிளக்ஸ் எனப்படும் அச்சுப் பலகைகள் ஊர்தோறும் பரவின. அவர் இரண்டு நாள் உழைத்து எழுதும் பலகையை, அச்சுப்பொறி சில நிமிடங்களில் ஈன்று தள்ளியது. நாளடைவில் அவரை நாடி வருவோர் குறைந்தனர். வண்ணக் குவளைகள் திண்ணையில் காய்ந்து கிடந்தன.

அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் பயின்று வந்தாள். தந்தையின் கைத்திறம் அவளுக்கும் வாய்த்திருந்தது. வீட்டில் இருந்த பழைய கணினியில் மவுஸ் கொண்டு படம் வரைய அவள் முயன்றாள். செங்கல்லைப் பிடித்துக் கோலம் இடுவது போல அம்முயற்சி அவளை வருத்தியது. வரைபலகை ஒன்று இருந்தால் தானும் வரையலாம், தந்தையின் எழுத்துகளையும் கணினியில் ஏற்றி அச்சகத்தார்க்கு அளிக்கலாம் என்று அவள் எண்ணினாள். வீட்டில் இரண்டாண்டுகளாகச் சேர்த்த பத்தாயிரம் ரூபாய் இருந்தது.

“அப்பா, திரையுள்ள பலகையே சிறந்தது என்கிறார்கள். இன்னும் சிறிது கடன் பெற்றால் அதனையே வாங்கிவிடலாம்” என்றாள் மகள்.

“அம்மா, இப்பணம் ஒருமுறை போனால் மீண்டும் சேர இரண்டாண்டு ஆகும். அக்கருவி எப்படி வேலை செய்கிறது, நமக்கு வேண்டுவது எது என்பவற்றை முதலில் அறிவோம். அறிந்தபின் வாங்குவோம்” என்றார் தந்தை.

அவர் சொல் பொன்போற் போற்றத்தக்கது. பொருட்பாலில் ‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அரசர்க்கு வகுத்த அந்நெறி, கடைத்தெருவில் நிற்கும் மாணவனுக்கும் பொருந்துவதே.

கையெழுத்தைக் கருவியின்வழிச் செலுத்தும் எண்ணம் புதியதன்று. அமெரிக்க நாட்டு எலிஷா கிரே என்பார், ஓரிடத்தில் எழுதும் எழுத்தைத் தந்திக் கம்பியின் வழியே மற்றோரிடத்தில் எழுதிக் காட்டும் பொறிக்கு 1888-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1963-ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்னும் அறிஞர், கணினித் திரையின்மீது ஒளிப்பேனாவை வைத்துப் படம் வரையும் முறையைச் செய்து காட்டினார். ஆயினும் நிமிர்ந்து நிற்கும் திரையில் கையைத் தூக்கிப் பிடித்தபடி வரைதல் தோளுக்கு அயர்ச்சி தருவதாயிற்று. அடுத்த ஆண்டில் ராண்டு என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனத்தார், மேசைமீது கிடத்தி எழுதும் பலகை ஒன்றை வெளியிட்டனர். பத்தங்குலச் சதுரமான அதன் பரப்பில், பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட இடங்களைப் பேனாமுனை தனித்தனியே சுட்டக்கூடும். கை மேசையில் இருக்க, கண் திரையில் இருக்கும் இம்முறையே இன்றைய வரைபலகைக்கு அடிப்படை. 1983-ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய வாக்கம் நிறுவனம், அடுத்த ஆண்டில் கம்பியில்லாப் பேனாவுடன் கூடிய பலகையைச் செய்தது. இன்று சீன நாட்டு நிறுவனங்களும் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளமையால், எளியோரும் வாங்கத்தக்க விலையில் வரைபலகைகள் கிடைக்கின்றன.

வரைபலகை இயங்கும் முறை வியத்தற்குரியது. பலகையின் அடியில் மெல்லிய கம்பிகள் வலைபோற் பரந்துள்ளன. அவை மின்காந்த அலைகளை எழுப்புகின்றன. பேனாவினுள் சிறு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் உண்டு. ஒரே சுருதியில் அமைந்த இரு தந்திகளுள் ஒன்றை மீட்ட, மற்றொன்று தானே அதிர்வதைக் காண்கிறோம் அல்லவா? அவ்வாறே பலகை எழுப்பும் அலைக்குப் பேனாவின் சுருள் ஒத்ததிர்ந்து, தானும் ஓர் அலையைத் திருப்பி அனுப்புகின்றது. அவ்வலை எவ்விடத்தில் வலிதாக உள்ளதோ அவ்விடமே பேனாமுனை நிற்கும் இடம் எனப் பலகை உணர்கின்றது. முனையை அழுத்துங்கால் சுருதி சிறிதே மாறும். அம்மாற்றமே அழுத்தத்தின் அளவைக் காட்டும். பேனாவுக்கு வேண்டும் ஆற்றலைப் பலகையே அளிப்பதால், இவ்வகைப் பேனாவுக்கு மின்கலம் தேவையில்லை. மின்னேற்றம் செய்யவேண்டிய பேனாக்களும் உள. அவற்றை வாங்குவோர் அதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

பெயரால் மயங்குதலே வாங்குவோர்க்கு நேரும் முதல் இடராகும். எழுதி அழிக்கும் மின்சிலேட்டுகளும் ‘ரைட்டிங் டேப்லட்’ என்னும் பெயரால் மலிவாக விற்கின்றன. அவை சிறுவர் எழுதிப் பழக உதவுவன; கணினியோடு இணையாத அவற்றால் ஓவியனுக்குப் பயனில்லை. ரப்பர் முனையுள்ள ஸ்டைலஸ்களும் அத்தகையனவே. அவை விரலின் தொடுகையை மட்டும் ஒத்தன. மெல்ல அழுத்தினும் வலிய அழுத்தினும் ஒரே கோட்டையே தரும்.

உண்மையான வரைகருவிகளை மூவகையாகப் பிரிக்கலாம். திரையில்லாத பலகை முதல் வகை. திரையோடு கூடிய பலகை இரண்டாம் வகை. பேனாவுடன் வரும் கையடக்கக் கணினி மூன்றாம் வகை. அது தனித்தே இயங்கும், விலையும் மிகுதி. திரையுள்ள பலகையில் கோடு பேனாமுனையின் கீழேயே தோன்றும். ஆயினும் கண்ணாடி தடித்திருப்பின் முனைக்கும் கோட்டுக்கும் சிறு இடைவெளி தெரியும். கழுத்தும் குனிந்தே இருக்கவேண்டும். திரையில்லாப் பலகையில் கை ஓரிடத்தும் கண் ஓரிடத்தும் இருப்பதால் தொடக்கத்தில் தடுமாற்றம் உண்டாகும். தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தவன் சில வாரங்களில் விசைகளைப் பாராமலே அடிக்கக் கற்கின்றான். அதுபோல இத்தடுமாற்றமும் பழக்கத்தால் நீங்கும். நிமிர்ந்து அமர்ந்து வரையலாம் என்பதும் இதன் நலமாகும்.

அடுத்துக் கருதத்தக்கது பலகையின் அளவு. பலகையின் பரப்பு முழுவதும் திரை முழுவதற்கும் ஈடாகும். திரையின் அகலம் இருபது அங்குலமும் பலகையின் அகலம் ஆறு அங்குலமும் ஆயின், கை ஓரங்குலம் அசைய, திரையில் கோடு மூன்றங்குலத்துக்கு மேல் ஓடும். கையின் சிறு நடுக்கமும் அவ்வாறே மும்மடங்காகப் பெருகும். பத்தங்குலப் பலகையில் அது இருமடங்காகவே நிற்கும். எனவே முழங்கையை அசைத்து நீண்ட கோடுகள் இழுப்போர்க்கு நடுத்தரப் பலகை ஏற்றது. புகைப்படங்களைத் திருத்துவோர்க்கும் மணிக்கட்டு அளவில் சிறு படங்கள் வரைவோர்க்கும் சிறிய பலகையே போதும். மிகப் பெரிய பலகை மேசை முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

அளவோடு வடிவத்தையும் நோக்கல் வேண்டும். எட்டங்குல அகலமும் ஐந்தங்குல உயரமும் உள்ள பலகையை, பதினாறுக்கு ஒன்பது என்னும் விகிதமுள்ள திரையோடு அப்படியே பொருத்தினால், கை வரையும் வட்டம் திரையில் சற்றே அகன்ற முட்டை வடிவாகும். அமைப்பில் விகிதத்தைச் சரிசெய்தால் வட்டம் வட்டமாகவே தோன்றும். ஆனால் பலகையின் உயரத்தில் அரையங்குலம் பயன்படாது போகும். தன் திரைக்கு ஒத்த விகிதமுள்ள பலகையை வாங்குவோர்க்கு இவ்விழப்பு இல்லை.

விளம்பரங்கள் பெரிதும் முழங்குவது அழுத்த நிலைகளின் எண்ணிக்கையை. 2048, 4096, 8192, 16384 என அவ்வெண் வளர்ந்துகொண்டே செல்கின்றது. ஆனால் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை வரைவோன் கை உணர்தல் அரிது. எவ்வளவு மெல்லிய தொடுகையைப் பேனா முதலில் உணர்கின்றது என்பதே எண்ணிக்கையினும் இன்றியமையாதது. மெல்லத் தொட்டபோது கோடு விழவில்லையெனின், நிலைகள் எத்தனை இருந்தென்ன? கண்ணிமையும் மயிரிழையும் வரைய அப்பேனா உதவாது.

கணினியோடு பலகை இணங்குமா என்பதும் ஆராயத்தக்கது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்களுள் தனது எதுவோ, அதற்குரிய டிரைவர் மென்பொருளை உற்பத்தியாளர் அளிக்கின்றனரா என்று பார்த்தல் வேண்டும். செல்பேசியோடு இணைப்பதாயின், தன் செல்பேசி அதற்கு இடந்தருமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். செல்பேசியில் பலகையின் ஒரு பகுதி மட்டுமே பயன்படுதலும் உண்டு. பேனாமுனை தேயும் பொருளாதலின் மாற்று முனைகள் எளிதிற் கிடைத்தல் நன்று. வரையும் மென்பொருளுக்குத் தனியே பணம் செலவிடவேண்டும் என்பதில்லை. கிரீட்டா, கிம்ப் முதலியன இலவசமாகவே கிடைக்கின்றன.

இவற்றையெல்லாம் கேட்டறிந்த தந்தையும் மகளும், நகரத்தில் அச்சகம் நடத்தும் நண்பரிடம் சென்றனர். அங்கே சிறிய பலகை ஒன்றும் நடுத்தரப் பலகை ஒன்றும் இருந்தன. நண்பர் மூன்று சோதனைகளைக் கற்பித்தார். அளவுகோலை வைத்துப் பேனாவை மிக மெதுவாகச் சாய்வாக இழுத்தல் முதலாவது; கோடு அலையின் பலகை குறையுடையது. மயிரிழை போலத் தொடங்கிப் பருத்து மீண்டும் மெலியும் கோட்டை இடுதல் இரண்டாவது. மெலிவு திடீரென அறுந்தால் பேனா குறையுடையது. விரைந்து கையெழுத்திடுதல் மூன்றாவது. கோடு கைக்குப் பின்தங்கினால் பலகையோ கணினியோ மந்தமானது.

மகள் இரண்டிலும் வரைந்து பார்த்தாள். சிறிய பலகையில் கோலத்தின் நீண்ட வளைவுகள் முறிந்தன. நடுத்தரப் பலகையில் அவை ஒழுகி வந்தன. “நீயும் எழுதிப் பாரேன்” என்றார் நண்பர். ஓவியர் தயங்கியவாறே பேனாவை எடுத்தார். முதற்கோடு திரையில் எங்கோ ஓடிற்று. இரண்டாவதும் கோணிற்று. ஏழெட்டுக் கோடுகளுக்குப் பின் கை அமைதியுற்றது. அப்பொழுது அவர் ‘ழ’ என்னும் எழுத்தைப் பெரிதாக எழுதினார். சுவரில் எழுதுங்கால் தோன்றும் அதே பருமையும் மெலிவும் திரையிலும் தோன்றின.

“அப்பா, இது உங்கள் எழுத்தேதான்!” என்றாள் மகள்.

ஓவியர் நெடுநேரம் திரையையே நோக்கியிருந்தார். “கை மறக்கவில்லை, அம்மா” என்றார்.

அவர்கள் திரையில்லாத நடுத்தரப் பலகை ஒன்றையே வாங்கினர். மகள் கடனை நாடவில்லை. எஞ்சிய தொகையில் ஒரு பகுதி பழைய கணினியின் நினைவகத்தைப் பெருக்கப் பயன்பட்டது. மற்றொரு பகுதி சேமிப்பிலேயே நின்றது. அன்று முதல் மாலைதோறும் தந்தை எழுத, மகள் அவ்வெழுத்துகளை ஒழுங்குபடுத்தினாள். மகள் வரைய, தந்தை வளைவுகளைத் திருத்தினார்.

விலை மிகுந்த கருவி எல்லார்க்கும் வேண்டுவதன்று. தன் தொழில், தன் கை, தன் பொருள் ஆகிய மூன்றையும் எண்ணித் தேர்ந்த கருவியே நற்கருவி. கருவி பழையதாகலாம், நாளை வேறொன்று தோன்றலாம். பயிற்சியால் வந்த கைத்திறமோ ஒரு கருவியினின்று மற்றொரு கருவிக்குக் குடிபெயர்ந்து நிலைபெறும்.

வினாக்கள்

1. வரைபலகை பேனாமுனையின் இடத்தையும் அழுத்தத்தையும் உணர்வது எவ்வாறு?
2. பலகையின் அளவு சிறிதாயின் கையின் நடுக்கம் திரையில் பெரிதாகத் தோன்றுவது ஏன்?
3. அழுத்த நிலைகளின் எண்ணிக்கையினும் இன்றியமையாதது எது? காரணம் கூறுக.
4. நண்பர் கற்பித்த மூன்று சோதனைகளை விளக்குக.
5. “கை மறக்கவில்லை” என்று ஓவியர் கூறியதன் பொருளை ஒரு பத்தியில் எழுதுக.