மூங்கில் மாதிரி ஒரு புல்

சிவில் இன்ஜினியரிங் படிக்கிற அண்ணனுக்குப் புல்லோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு தப்பு செய்தேன். அதில் கற்ற பாடம் இது.

எங்கள் ஹாஸ்டலுக்குப் பின்னால் காட்டை ஒட்டி ஒரு சரிவு. மேலே பெரிய மரங்கள், கீழே முழங்கால் உயரத்துக்குப் புல். போன வருடம் கோத்தோங் ரோயோங்கில், "எல்லாம் லாலாங்தான், வேரோடு பிடுங்குங்கடா!" என்று சொன்னது நான்தான். அந்த இடத்தில் நர்சரியில் பெர்முடா என்று விற்கிற புல்லைப் பதித்தோம். நம்ம அருகம்புல்தான் அது. நல்ல வெயில் கேட்கும் புல்லை நிழலில் வைத்தால் என்ன ஆகும்? மஞ்சளாகிச் செத்தது. அடுத்த பெருமழையில் சரிவு மண் கால்வாயில் கிடந்தது.

மிச்சமிருந்த ஒரு செடியை அப்புறம்தான் ஒழுங்காகப் பார்த்தேன். லாலாங் இலை ஒடுக்கமாக இருக்கும், ஓரம் கையை அறுக்கும். இதன் இலையோ மூங்கில் இலை மாதிரி அகலம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும். அடியில் குறுகிச் சின்னக் காம்பாகும். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்: நீள நரம்புகளுக்கு நடுவே குறுக்கு நரம்புகள், செங்கல் சுவர் போலத் தெரியும். பெயர் லோபாத்தெரம் கிராசிலே. இந்தியா, இலங்கையிலிருந்து சீனா, ஜப்பான் வரை உண்டு, நம் காட்டுக்கும் சொந்தப் புல். என் சீன நண்பன் பார்த்ததுமே, "அம்மா மருந்துக் கடையில் வாங்கி உடல் சூட்டுக்குக் காய்ச்சுவாரே, தான் சூ யே!" என்றான். நீங்களாகப் பறித்துக் காய்ச்சிக் குடிக்காதீர்கள், ப்ளீஸ்.

ஏன் என்றால், செந்தோத்தேகா என்று இன்னொரு நிழல் புல் இருக்கிறது. அதற்கும் அகல இலை, குறுக்கு நரம்பு. இரண்டின் கதிருமே காற்சட்டையில் ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் ஒரே ஒரு செடியின் வேரைக் கிளறிப் பாருங்கள். லோபாத்தெரம் வேரில் சின்னக் கிழங்கு மாதிரி வீக்கங்கள் இருக்கும். பார்த்ததும் மண்ணை மூடிவிடுங்கள்.

இது பல்லாண்டுப் புல். மேலே வெட்டியிருந்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்த்திருக்கும். நாங்கள் வேரோடு அல்லவா பிடுங்கினோம்! அதற்கு வேண்டியது மர நிழல், ஈரம், தண்ணீர் தேங்காத மண், மேலே உதிர்ந்த இலை மூடாக்கு. அந்தச் சருகையும் 'குப்பை' என்று கூட்டி அள்ளியிருந்தோம்.

இப்போது காட்டோரத்தில் மிஞ்சிய தூர்களைப் பிரித்துச் சரிவில் நட்டு, சருகைத் திரும்பப் போட்டிருக்கிறோம். ஐந்தில் மூன்று பிழைத்துப் புது இலை விட்டிருக்கின்றன.