ஒப்பீட்டு வினா: விக்டரும் ஜெகிலும்

வினா: மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்ரைன்' (1818), ரொபேர்ட் லூயிஸ் ஸ்ரீவன்சனின் 'டொக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைட்டும்' (1886) ஆகிய திகிற்கதைகளின் தலைமைப் பாத்திரங்களை ஒப்பிடுக.

ஒற்றுமைகள்
1. விக்டர் பிராங்கன்ஸ்ரைன், ஜெகில் இருவரும் கற்றவர்கள்; இரகசியமாகப் பரிசோதனை செய்தவர்கள்.
2. இருவரும் விளைவுக்குப் பொறுப்பேற்க மறுக்கின்றனர். விக்டர் தன் படைப்பு கண் திறந்ததுமே அஞ்சி ஓடுகிறான். தம்பியைக் கொன்றது அப்படைப்பே என உணர்ந்தும் வெளியே சொல்லவில்லை; குற்றமற்ற ஜஸ்ரின் தூக்கிலிடப்படுகிறாள். ஜெகிலோ தன் வாக்குமூலத்திற்கூட ஹைட்டைப் பல இடங்களில் 'அவன்' என்றே எழுதுகிறான்.

வேற்றுமைகள்
1. விக்டரின் படைப்பு தனியான ஓர் உயிர். ஹைட் ஜெகிலுக்குள்ளேயே இருந்தவன்.
2. அப்படைப்பு தொடக்கத்தில் நல்லது. வறிய குடும்பமொன்றுக்கு இரவில் மறைந்து விறகு சேர்த்துக் கொடுத்தது. உருவத்தைக் கண்டு அடித்து விரட்டப்பட்ட பின்னரே கொடியதாயிற்று. ஹைட்டிடம் தொடக்கம் முதலே இரக்கமில்லை.

கருப்பொருள்
தான் செய்ததைத் தனதென்று ஏற்காதவனை அதுவே அழிக்கும்.

மாணவர் கவனத்திற்கு
'பிராங்கன்ஸ்ரைன்' படைத்தவனின் பெயர். படைப்புக்குப் பெயரே இல்லை. பெயர்கூட வைக்காமல் கைவிட்டான் என்பதையும் விடையிற் சேருங்கள். 'விஞ்ஞானம் தீயது' என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். பரிசோதனையின் பின் அவர்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதை நிகழ்ச்சிகளைக் காட்டி நிறுவுங்கள்.