ஒலியை விட 6 மடங்கு வேகம் – நம்மால் முடியுமா?

மின்னல் முதலில் தெரியும், இடிச்சத்தம் பிறகுதான் கேட்கும். ஏனென்றால் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அதைப்போல 5 மடங்குக்கு மேல் வேகமாகப் பறப்பதை ஹைப்பர்சானிக் என்கிறார்கள். அப்படி ஓர் ஏவுகணையை நம் நாடு செய்ய முடியுமா?

வேகம் மட்டும் என்றால் முடியும். அக்னி ஏவுகணை அதைவிட வேகமாகவே போகும். ஆனால் ராக்கெட் எரிபொருளை மட்டும் சுமப்பதில்லை, அதை எரிக்கும் ஆக்சிஜனேற்றியையும் சுமக்கிறது. இரண்டும் சேர்ந்த எடையில் சுமார் 70 சதவீதம் ஆக்சிஜனேற்றிதான். ஸ்க்ராம்ஜெட் என்ற இன்ஜின் வழியில் உள்ள காற்றையே உள்ளே வாங்கி எரிக்கும். பாரம் குறையும்.

கஷ்டம் நெருப்பில்தான் இருக்கு. ஊதுகுழல்ல மெதுவா ஊதினா அடுப்பு பத்திக்கும். சிம்னி விளக்கை ஓங்கி ஊதினா அணைஞ்சிடும். இந்த இன்ஜினுக்குள் காற்று ஒலியை விட வேகமாக ஓடும். நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் எரிபொருள் அதில் கலந்து எரிய வேண்டும்.

2016 ஆகஸ்ட் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய ஸ்க்ராம்ஜெட் 5 நொடி எரிந்தது. 2020 செப்டம்பர் 7-ல் ஒடிசாவில் நம் அப்துல் கலாம் பெயருள்ள தீவிலிருந்து டி.ஆர்.டி.ஓ. ஏவியது 20 நொடிக்கு மேல் எரிந்தது. வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 கி.மீ. 20-ஐ 2-ஆல் பெருக்கினால் 40 கி.மீ. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான்! 1500 கி.மீ. போக 750 நொடி எரியணும். கணக்கு போட்டதும் எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு.

ஆனால் 2025 ஜனவரியில் ஹைதராபாத்தில் தரையில் வைத்துச் சோதித்தபோது 120 நொடி எரிந்தது. அதே ஏப்ரல் 25-ல் 1000 நொடிக்கு மேல்! அவ்வளவு நேரம் இன்ஜின் உருகாமல் இருந்தது எப்படி? உள்ளே பீங்கான் வகைப் பூச்சு பூசினார்கள். அதோடு, எரியப்போகும் எரிபொருளே முதலில் இன்ஜினின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்தி மேல் பிடித்தால் கப் எரியாது இல்லையா, அது மாதிரி.

அதனால் இன்ஜின் முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது தரையில், அதுவும் சிறிய அளவில் செய்த சோதனை. வானத்தில் திரும்பி வளைந்து பறக்கும்போது காற்று ஒரே சீராக உள்ளே வராது. வெளித்தகடும் பழுக்கக் காயும். அங்கேயும் 750 நொடி அணையாமல் எரிந்தால்தான் ஏவுகணை.

பேப்பர் கப் விஷயத்தை என் தோழிகள் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் செய்து காட்ட அறிவியல் டீச்சரிடம் அனுமதி வாங்கியிருக்கேன். வந்து பாருங்க.