இலை உதிர்த்த ஓக்கும் அவசரக் கோடரியும்

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்திருக்கும் அடிவாரக் குன்றுகளில் வீடு கட்டிக் குடியேறியவர்களிடையே, வெயிலும் வறட்சியும் ஒன்றுசேர்ந்து வாட்டுகிற ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதத்தில், தவறாமல் ஒரு வதந்தி கிளம்புகிறது. இலை பழுப்பேறி உதிர்ந்த ஓக் மரம் செத்துவிட்டது. அது விழுந்து கூரையை நொறுக்குமுன் வெட்டிவிட வேண்டும் என்பதே அந்த வதந்தி. தாவர சாஸ்திரத்தில் பழகிய என் போன்றவர்கள் எத்தனை முறை மறுத்தாலும், மரம் வெட்டுவதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு எங்கள் பிரமாணங்களுக்கு இருப்பதில்லை.

அக்குன்றுகளில் நிற்பது பெரும்பாலும் நீல ஓக். மே முதல் அக்டோபர் வரை மழையே காணாத, 40 டிகிரி செல்ஸியஸுக்கு மேல் உஷ்ணம் ஏறுகிற பூமியில், பாறை வெடிப்புகளுக்குள் வெகு ஆழம் வேரை இறக்கி நூற்றாண்டுக் கணக்கில் ஜீவித்து வருகிற விருக்ஷம் அது. வேரிலிருந்து இலைவரை அதன் உடலுக்குள் நீர் ஓர் இடையறாத இழையாக இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. மண் வறண்டு, காற்றும் அனலாகி, அந்த இழுப்பு அளவு மீறினால் நீர்க்குழாய்க்குள் காற்றுக் குமிழ் புகுந்து இழை அறுந்துபோகும். அறுந்த குழாய் பிறகு நீரை ஏற்றாது. இந்த விபரீதத்தைத் தவிர்க்கவே மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மூடினால் கரியமிலவாயு உள்ளே வராது, உணவு தயாராகாது என்றாலும் அந்தப் பட்டினியை அது ஏற்றுக்கொள்கிறது. அதுவும் போதாத ஆண்டில், வருமானம் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவது போல, நீரைச் செலவழிக்கும் இலைகளையே உதிர்த்துவிட்டு, அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகளை இறுக மூடி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இதைப் பிணம் என்று நிர்ணயிக்க எவ்வளவு அவசரம் வேண்டும்!

2012 முதல் 2016 வரை நீடித்த பெரும் வறட்சியில் அந்த மாநிலத்தில் 10 கோடிக்கும் அதிகமான மரங்கள் மடிந்தது உண்மைதான். ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை மலையின் மேல் நின்ற பைன் முதலிய ஊசியிலை மரங்கள். ஓக்குகளிலும் சில மாண்டன, மறுக்கவில்லை. எனினும் எது மாண்டது, எது பிழைத்தது என்பதை வசந்தகாலத்துத் தளிர்தான் சொல்ல முடியும். அதுவரை பொறுக்கமாட்டாதவர் ஒரு சிறு கிளையை வளைத்துப் பார்க்கட்டும், நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்க்கட்டும். உள்ளே ஈரமும் பச்சையும் தெரிந்தால் கோடரியைத் திரும்ப உள்ளே வைக்கலாம்.

இரண்டாவது வதந்தி முதலாவதன் உடன்பிறப்பு: வாடிய ஓக்குக்கு தினந்தோறும் அடிமரத்தில் நீர் பாய்ச்ச வேண்டுமாம். கோடையின் வெப்பமும் ஓயாத ஈரமும் கூடிய மண், ஃபைட்டாப்தோரா, ஆர்மில்லேரியா போன்ற வேரழுகல் நோய்க்கிருமிகளுக்குச் சுபிட்சமான இடம். வறட்சியைத் தாங்கிய மரத்தை வாளித் தண்ணீர் கொன்ற பரிதாபத்தை அங்குள்ள மர வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். குளிர்கால மழை பொய்த்திருந்தால், அடிமரத்தை விட்டு விலகி, கிளைகளின் விளிம்புக்கு நேர்கீழே, எப்போதாவது ஒருமுறை ஆழமாக நனைக்கலாம், அவ்வளவே.

மூன்றாவது வதந்தி, ஓக் மரங்களே காற்றைக் கெடுக்கின்றன என்பது. அந்த அபிப்பிராயம், 1980-இல், பின்னர் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் ரேகன் அந்தத் தொனியில் பேசியது முதல், கௌரவம் பெற்றுவிட்டது. ஓக் இலை ஐசோப்ரீன் என்னும் வாயுவை வெளிவிடுவது மெய். 30 டிகிரியில், தான் சேர்த்த கரியில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பங்கை அவ்விதம் இழக்கிறது, உஷ்ணம் ஏற ஏற இன்னும் அதிகமாக. திடீரென்று அடிக்கிற அனலில் இலையின் உணவு தயாரிக்கும் உறுப்புகள் சிதையாதிருக்க அது உதவுகிறது. வாகனப் புகையோடு கலந்து வெயில் படும்போதுதான் அந்த வாயு ஓசோனுக்குக் காரணமாகிறது. குற்றவாளிக் கூண்டில் மரத்தை மட்டும் நிறுத்துவது என்ன நியாயமோ!

மற்றவை சில்லறை. வாடிய மரத்துக்கு உரமிடாதீர்கள். உரம் புதுத் தளிரைத் தூண்டும், தளிர் இல்லாத நீரைக் கேட்கும். இலையில் தொங்கும் உருண்டைகள் சிறு குளவிகளின் வேலை, கொள்ளைநோய் அன்று. நீலகிரித் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கைக் கண்ட அனுபவத்தில் வைத்தியம் சொல்லும் உறவினர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, முற்றிலும் வேறு குடும்பத்து மரம்.

உண்மையில் சண்டையிட வேண்டியது புல்தரையோடு. ஓக்கின் காலடியில் பச்சைக் கம்பளம் விரித்து, கோடை முழுதும் குழாய் நீரைத் தெளித்து, மரம் தானே உதிர்த்த சருகை வாரிக் குப்பையில் கொட்டுகிற பைத்தியக்காரத்தனத்தை எந்தச் சாஸ்திரத்தில் கற்றார்கள்? புல்லைப் பெயர்த்தெறிந்து, சருகை அடிமரத்தில் ஒட்டாமல் பரப்பி விடுங்கள். தெற்கு கலிபோர்னியாவில் குடிநீர் வாரியங்கள் புல்தரையை அகற்றுகிறவர்களுக்குச் சதுர அடிக்கு இவ்வளவென்று பணமும் தருகின்றன. வாங்கிக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.